ஒரே பலகையா என்று கேட்டார் துரை

பழைய கித்தாரின் முதுகு ஒரே பலகையா, மெல்லிய மரத் தகடுகளை ஒட்டிச் செய்ததா என்று கண்டுபிடிக்கும் வழியை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். முதுகின் வெளிப்புறத்தில் கண்ணில் படுகிற ஏதாவது ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கணுவாக இருக்கலாம், கருப்புக் கீற்றாக இருக்கலாம். பிறகு முகப்பில் இருக்கும் துளை வழியாகச் சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டு, அதே இடத்தை உள்பக்கமாகப் பாருங்கள். அந்தக் கணு அங்கேயும் இருந்தால் ஒரே பலகை. இல்லாவிட்டால் ஒட்டு. என் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிற நீங்கள் இந்த மழைக்காலம் முடிவதற்குள் இதைப் பழகிவிடுவீர்கள். அதற்கு நான் வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. கேள்விக்குச் சரியான பதில் தெரிந்த பிறகும், அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்ற ஒரு நாளைப் பற்றி. அந்த நாளை என்னால் ஒரே இடத்தில் உட்கார்ந்து சொல்ல முடியாது. எழுந்து நடந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் அப்பா பழவேற்காட்டில் படகு கட்டியவர். நான் கோட்டைக்குள் போனது ஒல்லாந்தர்களின் பெட்டிகளுக்கும் நாற்காலிகளுக்கும் மரவேலை செய்ய. அங்கே ஒரு துரை இருந்தார். கப்பலில் ஏற்றுகிற சரக்கையெல்லாம் மேற்பார்வை பார்ப்பது அவர் உத்தியோகம். பழைய கித்தார்களைச் சேர்ப்பது அவருடைய பித்து. மயிலாப்பூரிலும் நாகப்பட்டினத்திலும் போர்த்துகீசியர் வம்சத்து வீடுகளில் தாத்தா காலத்துக் கித்தார்கள் சுவரில் தொங்கும். புதிதாகச் செய்ததைவிட நாள்பட்ட மரத்துக்குத்தான் நாதம் உண்டு என்பார். ஒரு நாள் அவருடைய கித்தாரின் விரிசலை நான் ஒட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பெட்டி வேலையை விட்டுவிட்டு, அவருக்காக ஊர் ஊராகப் போய்க் கித்தார் பார்ப்பதே என் வேலையாகிப் போனது.

நான் முன்னே சொன்ன கண்ணாடி வித்தையே அவர் காட்டிக்கொடுத்ததுதான். ஈட்டி, கருங்காலி, தேவதாரு என்று மரம் எனக்குத் தெரியும். ஆனால் கித்தாருக்குள் மரம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். எங்களுக்குள் பேச்சு போர்த்துகீசில் நடக்கும். அவருக்கு அது அரைகுறை, எனக்கும் அரைகுறை. மரத்தைப் பற்றி என்றால் மட்டும் இரண்டு பேருக்கும் தடுமாற்றம் வராது.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரே பலகை முதுகு இல்லாத எதையும் வாங்க மாட்டார். ஒட்டுப்பலகையை அவர் ஏமாற்று வேலை என்பார். மேலே ஈட்டியைத் தோல்போல ஒட்டி, உள்ளே மலிவான மரத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று.

அந்தச் சட்டத்தால் அவர் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். இந்த ஏரிக் காற்று உங்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் சாடியில் வைத்த உப்பு தண்ணீராகிவிடும். மரம் அந்த ஈரத்தையெல்லாம் குடித்து உப்பி நிற்கும். பிறகு மேற்கிலிருந்து கச்சான் அனலாக வீசும். ஒரே பலகை முதுகு சுருங்க இடம் தேடும், கிடைக்காது, மரத்தின் நரம்பு ஓடுகிற வாக்கிலேயே பிளந்துவிடும். துரை கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். சுவரில் 'டக்' என்று சத்தம் கேட்கும். பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். எது பிளந்தது என்று கண்டுபிடிக்கும்வரை உட்கார மாட்டார். நான் வச்சிரப் பசை காய்ச்சி உள்ளே சின்னச் சின்னக் கட்டைகளை ஒட்டிக் கொடுப்பேன். அடுத்த கச்சானில் பக்கத்திலேயே இன்னொரு கோடு விழும்.

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன்.

இரண்டு பருவமாக மழை இல்லை. உள்நாட்டில் வயல்கள் பாளம் பாளமாக வெடித்தன. ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டு, தண்ணீர் வற்றி, உப்பேறி, இறாலும் இல்லாமல் போயிற்று. கோட்டைக்கு வெளியே மணலில் நீளமாக ஒரு கொட்டகை போட்டார்கள். தரகர்கள் கிராமம் கிராமமாகப் போய், பட்டினியில் கிடந்தவர்களுக்குச் சோறு போட்டு அழைத்துவந்தார்கள். சோறு தின்றவர்கள் தங்களை விற்றுக்கொண்டதாக எழுத்தானது. கப்பல் வந்ததும் கடல் தாண்டி ஏதோ தீவுக்குப் போவார்கள். யாரும் திரும்பி வந்ததில்லை. நாங்கள் எல்லோரும் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போனோம். மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனோம்.

கப்பல் வந்து வெளிக்கடலில் நங்கூரம் போட்டிருந்த நாளில், கோட்டை வாசலில் ஒரு பெண் கித்தாரோடு நிற்கிறாள் என்று காவல்காரன் வந்து சொன்னான். துரை சரக்கு ஏற்றும் அவசரத்தில் இருந்தார். கித்தார் என்றதும் எழுந்துவிட்டார்.

அவள் பெயர் கன்னியம்மா. ஏரிக் கரைக் குப்பத்தைச் சேர்ந்தவள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, இறால் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். விரல் நுனிகளில் தோல் இருக்காது. ஊரில் இருந்த ஒரு போர்த்துகீசியக் கிழவருக்கு மீன் கொடுத்து வந்தவள், அவர் காய்ச்சலில் விழுந்தபோது கடைசிவரை கஞ்சி ஊற்றிப் பார்த்துக்கொண்டாள். கிழவர் செத்ததும் பிள்ளைகள் வந்து வீட்டைக் காலி செய்தார்கள். கித்தாரை அவளிடம் கொடுத்துவிடச் சொல்லியிருந்தாராம் கிழவர். அவள் அதைத் தன் குடிசைக் கூரையில், அடுப்புக்கு மேலே, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

வாசலில் நின்றவள் அழவில்லை. கித்தாரை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எங்க நைனா போனப்புறம் நானும் என் தம்பியுந்தான். அவன் அந்தக் கொட்டாயில கீறான். காட்டூருக்குக் கூலி வேலைக்குன்னு போனவன், தரகன் போட்ட சோத்தத் துன்னுட்டான். இதத் துரைகிட்ட குடுத்தா அவன வுடுவாங்களா, கேட்டுச் சொல்லு ஆசாரி."

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். துரை அவளைப் பார்க்கவில்லை. கித்தாரைப் பார்த்தார். முதுகில், புகைக்கரியையும் மீறி, ஈட்டியின் சிவப்பும் கருப்பும் நெருப்புக் கொழுந்துபோல ஓடின. அப்படி ஒரு முதுகு அவரிடம் இல்லை. கப்பலில் ஏறுகிற தலைகளில் ஒன்றைக் குறைப்பதும் கூட்டுவதும் அவர் கையில் இருந்தது. அதனால் சட்டென்று ஒரு வார்த்தை சொன்னார். முதுகு ஒரே பலகையாக இருந்தால் அவள் தம்பியை அழைத்துக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் கித்தாரை எடுத்துக்கொண்டு போகலாம்.

இதைச் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார். "நீ பார். எனக்கு நேரம் இல்லை."

மாடி அறையில், சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் என் பின்னால் நடந்துகொண்டிருந்தார். சன்னல்வரை போவார், கப்பலைப் பார்ப்பார், திரும்புவார். வாடைக் காற்று பலத்துக்கொண்டிருந்தது. இன்னும் பலத்தால் படகுகளை அலையில் இறக்க முடியாது. அதற்குள் ஆட்களை ஏற்றிவிட வேண்டும் என்று கீழே கத்திக்கொண்டிருந்தார்கள்.

முதுகின் நடுவில் கண்போல ஒரு கணு இருந்தது. கண்ணாடியை உள்ளே விட்டேன். உள்ளே வெளுப்பான மரம். நேர்கோடாக ஓடும் நரம்பு. கணு இல்லை.

கண்ணாடியை எடுத்துத் துடைத்தேன். மறுபடி விட்டேன். மரம் மாறவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் துணியை நனைத்து முதுகின் புகைக்கரியைத் துடைக்க ஆரம்பித்தேன். கை அதுபாட்டுக்குத் துடைத்தது. ஒரே பலகை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவருக்கு அந்த வித்தை என்னைவிட நன்றாகத் தெரியும். கண்ணாடி மேசைமேலேயே கிடந்தது. இன்று சாயங்காலமே பார்த்துவிடுவார். படகு அலையைத் தாண்டாமல் இருந்தால் தம்பியைத் திரும்பப் பிடித்துக்கொண்டு போவார்கள். அக்காவையும் சேர்த்துப் பிடித்தாலும் கேட்பாரில்லை. ஒட்டு என்று சொன்னால் அதோடு முடிந்தது. அது உண்மை. உண்மையைச் சொல்லத்தான் எனக்குச் சோறு போட்டார்கள்.

துடைத்துக்கொண்டே வந்தபோது ஒன்று புரிந்தது. விரலுக்கு எங்கேயும் எதுவும் தட்டுப்படவில்லை. முதுகில் ஒரு விரிசல் இல்லை. அந்தக் கித்தார் எத்தனை மழையைக் கூரை ஒழுகலில் பார்த்திருக்கும், எத்தனை கச்சானை அடுப்பு அனலோடு சேர்த்துத் தாங்கியிருக்கும். இந்த அறையில் பட்டுத் துணி சுற்றி வைத்தவை எல்லாம் பிளந்து கிடந்தன.

"என்ன?" என்றார் துரை. "ஒரே பலகையா?"

"இல்லை."

அவர் முகம் விழுந்துவிட்டது. அவ்வளவு ஆசைப்பட்டிருந்தார். காவல்காரனைக் கூப்பிடத் திரும்பினார்.

நான் சொன்னேன்: "ஒரே பலகையெல்லாம் இங்கே இருக்கிறது, துரை." சுவரைக் காட்டினேன்.

அவர் நின்றார். நான் நிறுத்தாமல் சொன்னேன். இதில் உள் தகட்டின் நரம்பு நெடுக்கே ஓடினால் வெளித்தகட்டின் நரம்பு குறுக்கே ஓடுகிறது. ஒன்று பிளக்கப் பார்த்தால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். செய்தவன் ஏமாற்றுவதற்காகச் செய்யவில்லை, இதுமாதிரிக் காற்றில் வாழ்ந்தவனாக இருக்கலாம். முகப்பு ஒரே தேவதாருப் பலகைதான், நாதம் அங்கேயிருந்துதான் வருகிறது. உங்கள் சட்டம் உங்கள் ஊர்க் காற்றுக்குச் சரி. பழவேற்காட்டில் ஒரே பலகை முதுகு நிற்காது. இது நின்றிருக்கிறது.

துரை என் கையிலிருந்து கித்தாரை வாங்கினார். நகத்தால் முதுகைத் தட்டினார். காதருகே வைத்து மறுபடி தட்டினார். பிறகு சுவர்ப் பக்கம் போய், நான் ஒட்டிய கோடுகளின்மேல் கட்டைவிரலை ஓட்டினார். என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"நீ எனக்கு மரத்தைப் பற்றிச் சொல்கிறாயா, அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறாயா?"

"மரத்தைப் பற்றித்தான். பெண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை."

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. காவல்காரனைக் கூப்பிட்டு, அந்தப் பெண் காட்டுகிற ஆளை விட்டுவிடச் சொன்னார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் நிறுத்திக்கொண்டால் இது உங்களுக்குச் சொல்ல நல்ல கதை. பொய் சொல்லாமல், உண்மையின் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று தெரிந்துகொண்டால் போதும் என்று பாடம் சொல்லி முடிக்கலாம். பல வருஷம் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன்.

காவல்காரனும் கன்னியம்மாவும் நானும் கொட்டகைக்குப் போனோம். நான் போயிருக்க வேண்டியதில்லை. நான் செய்து முடித்த காரியத்தைக் கண்ணால் பார்க்க ஆசை. மற்ற நாளில் மறுபக்கம் பார்த்துப் போனவன், அன்றைக்கு நிமிர்ந்து நடந்தேன்.

உள்ளே இருட்டும் மூத்திர நாற்றமும். ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். காவல்காரன் கன்னியம்மாவிடம் பெயர் கேட்டுக்கொண்டு வாசலில் நின்று, "ஏழுமலை யாரு, வெளியே வா" என்றான்.

இரண்டு பேர் எழுந்தார்கள்.

ஒருவன் இளவயதுக்காரன், கன்னியம்மாவின் ஜாடை. இன்னொருவர் தலை நரைத்தவர், விலா எலும்பு எண்ணலாம்போல இருந்தது. நடந்துவந்த கால்களில் புண். உள்நாட்டு விவசாயி என்று பார்த்தாலே தெரிந்தது. தன்னைத் தேடி யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவர் நம்பிவிட்டார். வாசல் வெளிச்சத்தில் கண் கூச, எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தெரிந்த முகம் எது என்று தேடினார். சிரிக்கக்கூட ஆரம்பித்திருந்தார்.

காவல்காரன் குழம்பிப்போய் என்னைப் பார்த்தான். நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். கன்னியம்மாதான் உள்ளே புகுந்து, குனிந்து குனிந்து ஆட்களைத் தாண்டிப் போய், தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவர் அதைப் பார்த்தார். இளையவனின் தோளில் தட்டினார்.

"உன்னத்தாம்பா கூப்புட்றாங்க. போ."

சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

வெளியே வந்ததும் கன்னியம்மா தம்பியின் தலையையும் முதுகையும் தடவிக்கொண்டே இருந்தாள். என் பக்கம் திரும்பி அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஏழுமலை கும்பிடவில்லை. அக்கா அதற்குள் நடந்ததை அவனுக்குச் சொல்லியிருந்தாள். ஆசாரி கித்தாரைப் பார்த்தார், நல்ல மரம்னு சொன்னார், துரை விட்டுட்டார் என்று. அவன் கொட்டகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டான்:

"அந்தப் பெரியவருக்கு இன்னா மரம் குடுக்கணும்?"

குத்திக்காட்டுவதற்காக அவன் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். மரத்தைக் கொடுத்தால் ஆளை விடுவார்கள் என்றால், எந்த மரம் என்று தெரிந்தால் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தான். அந்தப் பெரியவர், தரகர்கள் அழைத்துவந்த வழி முழுக்க, தன் பங்குக் கஞ்சியில் பாதியை அவனுக்குக் கொடுத்துக்கொண்டு வந்தவராம். பெயர் ஒன்றாக இருந்ததால் பழக்கமானார்களாம்.

என் வீட்டில் ஒரு கித்தார் இருந்தது. மயிலாப்பூரில் எனக்கென்று வாங்கியது. துரையின் கண்ணில் படாமல், நெல் உமிக்குள் புதைத்து, காற்றுப் படாமல் வைத்திருந்தேன். கருங்காலி. ஒரே பலகை முதுகு. என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள்.

ஓடினேன். இந்த வயதில் சொல்வதற்கு வெட்கமில்லை, மணலில் விழுந்து எழுந்து ஓடினேன். உமியைத் தட்டக்கூட இல்லை. கோட்டைப் படியேறி அதைத் துரையின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியை எடுத்து உள்ளே விட்டுப் பார்த்தார். முதுகைத் திருப்பினார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"ஒரே பலகை" என்றார்.

"ஆமாம் துரை. கொட்டகையில் இன்னொரு ஏழுமலை இருக்கிறார்."

அவர் சன்னலுக்குப் போனார். கீழே ஆட்களைக் கொட்டகையிலிருந்து வரிசையாகக் கரைக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து கித்தாரை என் கையில் கொடுத்தார்.

"இது எந்தக் கச்சானில் பிளக்கும்?"

"பிளக்காது துரை. நான் பார்த்துக்கொள்வேன்."

"பழவேற்காட்டில் நிற்காது என்று சொன்னது இதே வாய்தானே. நான் அதை நம்பித்தான் ஒரு ஆளை விட்டேன்."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. களைத்த குரலில் சொன்னார். நம்பினார் என்பதே உண்மையாக இருக்கலாம். இல்லை, ஒரு முறைக்கு மேல் தன்னை ஏமாற்றிக்கொள்ள அவருக்கு மனமில்லாமல் இருந்திருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

உங்களுக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். நாம் ஒரு கித்தாரைப் பற்றிச் சொல்லுகிற பேச்சு அந்தக் கித்தாரோடு நிற்பதில்லை. அடுத்து வருகிற மரத்துக்கும் அதுதான் அளவுகோல் ஆகிவிடுகிறது. காலையில் நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஒரு ஆளைப் பார்த்துச் சொன்னேன். அந்த வார்த்தைக்குப் பின்னால் வேறு யார் நிற்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமாகத் தேடுகிறேன், ஒன்றும் கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது கிடைத்தால் வந்து சொல்லுங்கள்.

நான் கித்தாரோடு கரைக்குத் திரும்பியபோது படகுகளை அலையில் தள்ளிவிட்டிருந்தார்கள். ஆட்கள் ஒருவர் மடியில் ஒருவர் என்று குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். யார் யார் என்று தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. கன்னியம்மா மணலில் நின்று தம்பியைத் திரும்பி வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். அலை அவனை அறைந்து அறைந்து பின்னால் தள்ளியது. மறுபடி முன்னே போய் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, படகைப் பார்த்துத் தன் பெயரையே கூவினான்.

ஆட்டம் கண்டுகொண்டிருந்த படகில் ஒருவர் எழுந்து நின்றார்.